மூணாறில் கிறிஸ்துமஸ்: ஏறுகிற கூட்டமும் இறங்குகிற கூட்டமும்

அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டுப் பிள்ளைகள் வெளியே வந்த மறுநாள் காலை, போடிநாயக்கனூரிலிருந்து மலைக்குப் போகும் சாலையில் கார்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். மதுரை, திருச்சி, சென்னைப் பதிவு எண்கள். பின்சீட்டில் கம்பளி, சிப்ஸ் பாக்கெட், ஒரு பையில் எலுமிச்சம்பழம். வளைவில் குமட்டினால் முகர்ந்து பார்க்கச் சொல்லி ஊரில் யாராவது கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இவர்கள் அடிவாரத்து முந்தலைத் தாண்டும் நேரத்துக்கு, ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை நெருக்கியடித்து ஏற்றிய ஜீப்புகள் எப்போதோ மேலே போய்ச் சேர்ந்திருக்கும்.

டிசம்பர் விடுமுறைக்கு நம்மவர்கள் கிளம்பும் மலைகளில் மூணாறு முன்வரிசைக்கு வந்து வெகுகாலமாகிறது. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. மூணாறுக்கு அந்த வேலை இல்லை. கொச்சிப் பக்கமிருந்து மலையாளிகளும் வடநாட்டுப் புதுமணத் தம்பதிகளும் ஏறுகிறார்கள், போடிப் பக்கமிருந்தும் உடுமலைப் பக்கமிருந்தும் நாம் ஏறுகிறோம். எல்லோரும் போய் முட்டிக்கொள்வது மூன்று ஆறுகள் கூடும் அந்தச் சின்னஞ்சிறு கடைவீதியில்.

எந்த வழியாகப் போகலாம் என்று யாராவது கேட்டால், தயங்காமல் போடி வழி என்றுதான் சொல்வேன். கொச்சிச் சாலையில் அருவிகள் உண்டு, மசாலாத் தோட்டம் சுற்றிக் காட்டுகிறோம் என்று கைதட்டி அழைக்கும் பலகைகளும் உண்டு. ஆனால் மூணாறின் தேயிலை வெளியேறியது கிழக்குப் பக்கமாக. அதைப் பறித்த கைகள் உள்ளே வந்ததும் கிழக்குப் பக்கமாகத்தான். 17 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து போடிமெட்டில் இறங்கித் திரும்பிப் பாருங்கள். கீழே காய்ந்து கிடக்கும் சமவெளி, எதிரே ஈரம் சொட்டும் ஏலக்காடு. வளைவுகளைக் கடந்து வந்த அந்தக் கொஞ்ச நேரத்திலேயே புழுக்கம் போய்ச் சட்டைக்குள் குளிர் நுழைந்திருக்கும்.

இந்த மலைகளைப் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் குத்தகைக்கு வாங்கியது 1877-ல். கண்ணன், தேவன் என்ற இரண்டு முதுவர் தலைவர்களின் பெயரால்தான் இது கண்ணன் தேவன் மலை ஆயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த முதுவர்களும் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் முதலில் காப்பியும் சின்கோனாவும் வைத்துப் பார்த்தார்கள். 1880-ல் ஏ.எச்.ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் தேயிலை நட்டார். இன்றைக்கு அந்த இடம் செவன்மலை எஸ்டேட்டுக்குள் இருக்கிறது. 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி வந்த பிறகு மலையே தேயிலையாகிவிட்டது.

தேயிலையைக் கப்பலில் ஏற்ற வேண்டுமே, என்ன செய்தார்கள்? 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடு கட்டி இழுத்தார்கள். சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில் ஓட, ஒரு பெரிய சக்கரம் பக்கத்துத் தரையில் உருண்டு வண்டி சாயாமல் தாங்கும். 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில் பாதையே போட்டார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். டாப் ஸ்டேஷனில் இறக்கிய பெட்டிகள் கம்பிக்கயிற்றில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி, பிறகு தூத்துக்குடித் துறைமுகம், பிறகு லண்டன். 1924-ல் பெய்த பேய்மழையில் அந்த ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. மலையாள ஆண்டுக் கணக்கில் அது 1099 என்பதால் ‘99-ஆம் ஆண்டு வெள்ளம்’ என்று கேரளத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பாதையை அப்புறம் யாரும் திரும்பப் போடவில்லை. பழைய மூணாறு ரயில் நிலையக் கட்டடம் இப்போது தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களில் பாதிப் பேருக்கு அது ரயில் நிலையம் என்பதே தெரியாது.

பெட்டி இறங்கிய அதே மலையில் ஆட்கள் ஏறினார்கள். கங்காணிகள் ஊர் ஊராகப் போய் முன்பணம் கொடுத்து, திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூட்டி வந்தார்கள். பஞ்சமும் சாதியும் கீழேயிருந்து தள்ள, மலேரியாவும் அட்டையும் மேலே காத்திருந்தன. 1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தமிழர்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. நேசமணி தலைமையில் நடந்த போராட்டம் கன்னியாகுமரியை மீட்டது, இந்த மலையை மீட்க முடியவில்லை. 1958-ல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தபோது கம்யூனிஸ்ட் கட்சிக்காக எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடிப் பிரசாரம் செய்தவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். இளையராஜாவின் அண்ணன். அண்ணனோடு தம்பியும் பாடப் போகத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். இந்தச் சாலையில் காரில் இளையராஜா பாட்டைப் போட்டுக்கொண்டு போகாத தமிழன் கிடையாது. அந்தப் பாட்டு இந்த மலைகளில் நடந்து தேறியது என்பது எத்தனை பேருக்கு நினைவுக்கு வருகிறதோ.

யானைக்கும் ஒரு வழி

பூப்பாறை தாண்டி ஆனையிறங்கல் அணை. அதன் கரையில் சின்னக்கானல். அரிசிக்கொம்பனை மறந்திருக்க மாட்டீர்கள். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று பழகிய யானையை 2023 ஏப்ரலில் இங்கிருந்து பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதம் கம்பம் நகருக்குள் ஓடி வந்து ஊரையே கதவடைக்க வைத்தது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டது. அதனால் சின்னக்கானலில் யானை தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அணைக்கரையில் இன்றும் கூட்டம் இறங்குகிறது. மூணாறு டவுன் பக்கம் நீளக் கொம்போடு திரியும் இன்னொரு ஆளுக்குப் ‘படையப்பா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாலையோரக் காய்கறிக் கடைகளில் உரிமையோடு எடுத்துச் சாப்பிடுவார். அவரைப் பார்த்து ஹாரன் அடித்து வீடியோ எடுக்கும் வீரர்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் தவறாமல் வருகிறார்கள். இவர்களுக்கு அபராதம் போதாது என்பது என் கட்சி.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் பிடிப்பவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் தயாராக வேண்டும். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் வண்டிப் பாதை கேரளத்திலிருந்துதான். பாதை என்று அதைச் சொல்வது மரியாதைக்காக. இடுப்பெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தன் இருப்பைச் சொல்லும். மேலே போனால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும், அதில் சூரியன் எழும்பும். எதிர்பார்ப்புக்குக் குறைவில்லை, ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் சூரியனை விட ஜீப் விளக்குகள் அதிகம். இந்த மலைச்சரிவில்தான் 2018 மார்ச்சில் குரங்கணிப் பக்கம் இறங்கிய மலையேற்றக்காரர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புல் எப்படிக் காய்ந்து நிற்கிறது என்று விளிம்பில் நின்று பார்த்தாலே அந்தத் தீயின் வேகம் புரியும்.

தேயிலை தூங்கும் மாதம்

சுற்றுலாக்காரர்களுக்கு டிசம்பர் உச்சகட்டம். தேயிலைச் செடிக்கு அது நேர்மாறு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் துடைத்து வைத்ததுபோல் ஆனதும் இரவில் குளிர் இறங்குகிறது, செடி துளிர்ப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பறிப்புச் சுற்றின் இடைவெளி நீள்கிறது. குறிப்பிட்ட எடைக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு என்பதால், கொழுந்து குறைந்தால் அந்தக் காசும் குறையும். நாம் ஓர் இரவு அறைக்கு எத்தனை ஆயிரம் கேட்டாலும் கொடுக்கும் அதே வாரத்தில் எதிர்ச்சரிவில் இருப்பவரின் வரும்படி சுருங்கி நிற்கிறது. மூணாறைப் பற்றி எழுதும் பயணக் குறிப்புகளில் இதை யாரும் எழுதுவதில்லை.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் உறைபனி விழும். ‘மைனஸுக்குப் போயிருச்சு’ என்ற செய்தி பரவியதுமே வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எல்லா இடத்திலும் அது விழாது. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் வழுக்கிக்கொண்டு பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதனால் மேட்டில் நிற்கும் செடி தப்பிக்கும், ஓடைக்கரைச் செடி மாட்டும். செண்டுவாரை, சைலன்ட் வேலி, லட்சுமி எஸ்டேட் பக்கங்களின் பள்ளங்களில் விடியற்காலையில் புல்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். கையால் தடவினால் மணல்போல நறநறக்கும். வெயில் ஏறினால் கால்மணி நேரத்தில் காணாமல் போகும். அதன் பிறகுதான் கெடுதல் தெரியும். உறைந்த இலை வெயில் பட்டதும் கருகத் தொடங்கி, சில நாளில் தீ வைத்த மாதிரி பழுப்பாகி நிற்கும். 2019 ஜனவரியில் அப்படி ஏக்கர் கணக்கில் கருகியது. பயணிகள் படமெடுத்துக்கொண்டு போன வெள்ளைப் புல்வெளிக்குப் பக்கத்திலேயே.

தேயிலை எப்படித் தேநீராகிறது என்று பார்க்க நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போகலாம். இலையை வாட்டி, உருட்டி, புளிக்க விட்டு, உலர்த்தி, சலிக்கிறார்கள். நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள். நம் டீக்கடைகளில் கொதிப்பது இயந்திரத்தில் நசுக்கிச் சுருட்டிய சி.டி.சி. தூள். லாக்கார்ட், கொழுக்குமலைத் தொழிற்சாலைகளில் பழைய முறையில் இலையாகவே உருட்டித் தருகிறார்கள். அதில் பால் ஊற்றாமல் ஒரு தடவை குடித்துப் பாருங்கள். கடைவீதியில் சாக்லேட் டீ, ஸ்ட்ராபெரி டீ என்று பொட்டலம் கட்டி விற்பதைத் தாண்டி வந்துவிடலாம்.

அருங்காட்சியகத்தில் எல்லோரும் இயந்திரத்தைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது ஒரு கருங்கல் சூரியக் கடிகாரம். 1913-ல் நாசரேத் ஆர்ட் இண்டஸ்ட்ரியல் ஸ்கூலில் செய்தது. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தேதான், மிஷனரிகள் பள்ளியும் தொழிற்கூடமும் நடத்திய தேரிக்காட்டு ஊர். வெயிலுக்குப் பெயர்போன ஊரில் செய்த கடிகாரத்தைப் பாதி நாள் வெயிலே எட்டிப் பார்க்காத மலையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்கும் தென்மாவட்டத்துக்கும் இருந்த போக்குவரத்துக்கு இதைவிடக் கனமான சாட்சி வேண்டாம்.

லயத்தில் நட்சத்திரம்

மூணாறின் பழைய சிஎஸ்ஐ கிறிஸ்து ஆலயம் 1911-ல் வந்தது. அதன் பின்புற மேட்டில் உள்ள கல்லறை அதைவிட மூத்தது. தோட்ட மேலாளர் ஹென்றி நைட்டின் இளம் மனைவி எலினர், கல்யாணமாகி மலைக்கு வந்த கொஞ்ச நாளில் 1894-ல் காலராவில் இறந்தார். வயது 24. அவரைப் புதைத்த மேட்டில்தான் கல்லறைத் தோட்டமும், பின்பு கோவிலும் எழுந்தன. கத்தோலிக்கர்களின் மவுண்ட் கார்மல் ஆலயம் 1898-ல் தொடங்கியது. 2024-ல் பசிலிக்கா ஆகியிருக்கிறது. கிறிஸ்துமஸ் இரவில் இரண்டு கோவில்களிலும் நிற்க இடம் கிடைக்காது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் பாட்டு கேட்கும்.

ஆனால் கிறிஸ்துமஸைப் பார்க்க வேண்டிய இடம் டவுன் இல்லை. எஸ்டேட் லயங்கள். நீளமாக ஒரே கூரை, அதன்கீழ் ஒட்டி ஒட்டி வீடுகள், முன்னால் ஓர் ஒடுங்கிய திண்ணை. டிசம்பர் பிறந்ததுமே கூரை விளிம்பில் காகித நட்சத்திரங்கள் தொங்கும். காட்டுப் பாசியும் புல்லும் கொண்டுவந்து குடில் கட்டுவார்கள். குழந்தை இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்துக்கு அக்கம்பக்கமாகத் தேயிலைச் செடியும் ஒரு தகர ஜீப்பும் வைத்திருந்த குடிலை ஒரு லயத்தில் பார்த்தேன். கேரல் பாடும் குழு டார்ச் அடித்துக்கொண்டு ஒவ்வொரு லயமாக ஏறி இறங்கும். யானை பயத்தால் நடுராத்திரிச் சுற்றை இப்போது முன்னிரவிலேயே முடித்துவிடுகிறார்கள். அதே வரிசையில் இரண்டு வீடு தள்ளி ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார். மண்டல பூஜையும் கிறிஸ்துமஸும் ஒரே வாரத்தில் வருவதால் முறுக்கும் அதிரசமும் பக்கத்து வீட்டுக்குப் போகும், அங்கிருந்து பொரியும் அவலும் திரும்பி வரும்.

இந்த வீடுகள் யாருக்கும் சொந்தமில்லை. 58 வயதில் வேலை ஓய்ந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். நான்காம் தலைமுறையாக இங்கே பிறந்தவரும் அதற்குள் தமிழ்நாட்டில் எங்காவது இரண்டு சென்ட் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வீட்டில் யாராவது ஒருவர் கம்பெனி வேலையில் தொடர வேண்டும். பிள்ளைகளோ படித்துவிட்டு எர்ணாகுளம், கோயம்புத்தூர், திருப்பூர் என்று போய்விட்டார்கள். காலியான வீடுகளில் இப்போது வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள். இலை கொட்டும் கூடத்தில் ஒரு அக்காவிடம், பண்டிகைக்கு எங்கே என்று கேட்டேன்.

“மூத்தவன் கோயம்புத்தூர்ல இருந்து வர்றான் சார். இருபத்தஞ்சு இங்க. இருபத்தாறு விடிஞ்சதும் எல்லாரும் ஊருக்கு இறங்கிருவோம். அங்க வீட்டுக்கு மேல்கூரை போடணும்ல.”

“ஊர்ல யார் இருக்கா?”

“இப்ப யாரும் இல்ல. நாங்கதான் போய் இருக்கணும், ரிட்டயர் ஆனப்புறம்.”

அவர் சொன்ன ஊர் கோவில்பட்டிப் பக்கம். அவர் பிறந்ததும் கல்யாணம் கட்டியதும் பிள்ளை பெற்றதும் மூணாறில்.

2015 செப்டம்பரில் இந்த அக்காமார்கள்தான் ஆயிரக்கணக்கில் வந்து மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். போனஸைப் பாதியாகக் குறைத்ததுதான் உடனடிக் காரணம். தொழிற்சங்கத் தலைவர்கள் பேச வந்தபோது, நீங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயரில் நடந்த அந்தப் போராட்டத்தைக் கேரளம் திகைத்துப் பார்த்தது. அப்போது நாள் கூலி 232 ரூபாய். 20 சதவீத போனஸ் கிடைத்தது, கூலி 301 ரூபாய் ஆயிற்று. போராட்டம் நடந்தது சீசன் தொடங்கும் முன். ஹோட்டல்காரர்கள் பதறியது கூலிக்காக இல்லை.

இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை. ராஜமலைப் பாறைகளில் வரையாடுகள் மனிதரைப் பற்றிய கவலையே இல்லாமல் மேயும். 2,695 மீட்டர் ஆனைமுடி எதிரே நிற்கும். குறிஞ்சி இனி 2030-ல்தான், அதைக் கேட்டு வழிகாட்டிகளைத் தொல்லை செய்ய வேண்டாம். பூங்கா வண்டி பயணிகளை இறக்கிவிடும் இடத்துக்கு அப்பால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பலருக்குக் கயத்தாறு பூர்வீகம். மின்சாரமும் போன் தொடர்பும் இல்லாததால் செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. ராஜமலையிலேயே வரிசையாகப் புதைத்தார்கள். சொந்த ஊரிலிருந்து வந்தவர்கள் கொரோனா கால இ-பாஸுக்குக் காத்துக் கிடந்தார்கள். கண்ணாடி ஜன்னல் வைத்த பூங்கா பஸ் அந்த வழியில் போவதில்லை. போக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, துக்க வீடு வேடிக்கை பார்க்கிற இடமில்லை. இந்தச் சரிவுகளில் மழைக்காலத்தில் யார் படுத்துறங்குகிறார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தால் நல்லது.

மாட்டுப்பட்டி அணையும் குண்டளைப் படகும் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இருக்கட்டும், நான் அதிகம் சொல்லப் போவதில்லை. நேரமிருந்தால் டாப் ஸ்டேஷனைத் தாண்டி வட்டவடைக்குப் போங்கள். படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டும் கேரட்டும் பீன்ஸும், தமிழ் பேசும் குடியானவர்களின் கிராமம். கேரளத்தின் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போகும் காய்கறியில் கொஞ்சம் இந்த மண்ணிலிருந்துதான். கேரட்டை ஓடைத் தண்ணீரில் கழுவிக் கையில் தருவார்கள். ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கடித்தால் தெரியும்.

தங்குவதற்கு டவுனைத் தவிர்த்துவிடுங்கள். 24-லிருந்து ஜனவரி 1 வரை கடைவீதியைக் காரில் கடக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். தேவிகுளம், சூரியநெல்லிப் பக்கம் அறை பார்க்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலை வழியில் வீசினால் கேரளத்தில் அபராதம் உண்டு. 26-ஆம் தேதி காலையில் இறங்குகிறவர்கள் போடிமெட்டு வளைவுகளில் மேலே ஏறும் வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நிற்க நேரும். அப்போது பக்கத்தில் நிற்கும் பஸ்ஸில் கட்டைப்பையும் பலகார டப்பாவுமாக எஸ்டேட் குடும்பங்கள் இருக்கும், கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் போகிறவர்கள். ரயிலில் திரும்ப நினைத்தால், போடியிலிருந்து சென்னைக்கு 2023 ஜூன் முதல் வண்டி உண்டு, ஆனால் தினமும் கிடையாது. கிளம்பும் நாளை முதலில் பார்த்துக்கொண்டு அறையைப் பிறகு பதிவு செய்யுங்கள்.